ஏழாம் நாளும் முடியாத விரதம்: மதுரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மாணவியை முதல்முறை பார்த்தபோது நான் தவறான கேள்வியைக் கேட்டேன். ஆனி மாதத்தில் ஒரு மாலை, தாயும் அப்பத்தாவும் இரு பக்கமும் உட்கார்ந்திருக்க, நடு நாற்காலியின் விளிம்பில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருந்த அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் எடை 37 கிலோ. "குண்டாகிவிடுவோம் என்று பயமாக இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை டாக்டர், நானே எடை கூடணும்னுதான் நினைக்கிறேன்" என்றாள். கண்ணாடியில் பார்க்கும்போது பருமனாகத் தெரிகிறதா என்ற கேள்விக்கும் இல்லை என்றே பதில் வந்தது. தூக்கம் குறைவு, பேச்சு குறைவு, பள்ளித் தோழிகளிடமிருந்து விலகல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வு என்று எழுதி, ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை கொடுத்து, ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னேன். ஆடியில் வந்தாள். மருத்துவமனைப் படிகளில் அவளை அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு ஏறினார். எடை 33.5 கிலோ.

அந்த ஆறு வாரத்துக்கு நானே பொறுப்பு. உடல் எடை மிகவும் குறைந்த நிலையில் மனச்சோர்வு மாத்திரைகளால், உணவைக் குறைத்து உடலை ஆபத்தான அளவுக்கு மெலிய வைக்கும் அனோரெக்ஸியா என்ற மனநோயில் பெரிய பயன் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் போனது, என் முன்னால் இருப்பது அந்த நோய் என்பது. பெண்ணிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெற்று, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

நோய் வந்த வழி

குடும்பம் திருநகரில் வசிக்கிறது. அப்பாவுக்குக் கீழமாரட் வீதிப் பக்கம் அரிசி வியாபாரம். அம்மா வீட்டோடு இருக்கிறார். ஒரு தம்பி ஏழாம் வகுப்பில் படிக்கிறான். அப்பாவைப் பெற்ற அப்பத்தா, எழுபது வயதைத் தாண்டியவர், கூடவே இருக்கிறார். பத்தாம் வகுப்பில் பள்ளியின் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவள், பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் நூற்றுக்கு 41 வாங்கினாள். வீட்டில் யாரும் திட்டவில்லை. அந்த விடைத்தாளை அவளே நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஐப்பசியில் தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வந்தது. அப்பத்தா ஆண்டுதோறும் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி ஆறு நாள் விரதம் இருப்பவர். பேத்தி தானும் இருப்பதாகச் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாலையில் பாலும் ஒரு பழமும் மட்டும். சூரசம்ஹாரம் முடிந்து ஏழாம் நாள் அப்பத்தா சோறு சாப்பிட்டுவிட்டார். பேத்தியின் விரதம் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை விரதம் சேர்ந்தது, பிறகு வெள்ளி, பிறகு கிருத்திகை. அடுத்து இரவுச் சாப்பாடு நின்றது, அதற்கடுத்து எண்ணெய், பிறகு சோறு. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட நம் வீடுகளில் யாரையும் பயமுறுத்தாது. பெரும்பாலும் பாராட்டத்தான் வைக்கும். தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெண்கள், "மெலிஞ்சு லட்சணமா ஆயிட்ட" என்றார்கள். அதே மாதம் அவளுக்கு மாதவிலக்கு நின்றது.

சித்திரைத் திருவிழாவின்போது தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். வெயில் என்றார்கள். அதன்பின் சுற்று தொடங்கியது. காசநோய்க்காகச் சளியும் எக்ஸ்ரேயும் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், வயிற்று ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். மெலிந்து வரும் ஒருவரிடம் இவற்றைச் செய்வது சரிதான். முடிவு நார்மல் என்று வந்ததும் நோயில்லை என்று முடித்ததுதான் பிழை. நீண்ட நாள் பட்டினி கிடக்கும் உடல் தன் இரத்த அளவுகளை வியக்கத்தக்க அளவுக்குச் சமாளித்துக் காத்துக்கொள்ளும். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மாதவிலக்கு வருவதற்கென்று ஒரு மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை தந்தார். மாத்திரை நின்றதும் இரத்தப்போக்கு வந்தது, அம்மா நிம்மதியடைந்தார். அந்த இரத்தப்போக்கு மாத்திரையால் வந்தது. கருப்பை வேலை செய்யக்கூடியது என்பதை மட்டுமே அது காட்டியது. சினைப்பையைத் தூண்ட வேண்டிய மூளை, இந்த உடம்புக்கு இப்போது பிள்ளைப்பேறு தாங்காது என்று முடிவு செய்து அடங்கிவிட்ட நிலை அப்படியே இருந்தது. இதற்கிடையில் குடல் தட்டுகிற ஒரு பாட்டியிடம் வயிற்றை உருவிவிட்டார்கள். பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். தாயத்து ஒன்றும் கட்டினார்கள். நான் பார்த்தபோது அந்தக் கயிறு மணிக்கட்டிலிருந்து நழுவாமல் இருக்க மூன்று முடிச்சுப் போட்டிருந்தது.

ஆளுக்கொரு பதில்

இந்த ஒன்பது மாதத்தில் அவளிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: ஏன் சாப்பிட மாட்டேங்கிற? அப்பத்தாவிடம் விரதம் என்றாள். அம்மாவிடம் வயிறு திம்மென்று இருக்கிறது என்றாள். அப்பாவிடம், தம்பியோடு சாப்பிட்டுவிட்டேன் என்றாள். வகுப்பாசிரியையிடம், சாப்பிட்டால் தூக்கம் வருகிறது, படிக்க முடியவில்லை என்றாள். கேட்டவர் ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்திய பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அப்பாவிடம் சொன்னதைத் தவிர மற்ற எதுவும் முழுப் பொய்யும் இல்லை என்பதை நான் வலியுறுத்த விரும்புகிறேன். பட்டினியில் இரைப்பை மெதுவாகவே காலியாகிறது. இரண்டு இட்லிக்கே வயிறு கல்லாகிப்போவது உடலில் நடக்கும் உண்மை. அவள் நடிக்கவில்லை.

அப்பத்தாவின் பார்வை கடுமையாக இருந்தது. "கேப்பைக் கூழுக்கு வரிசையில நின்ன காலத்தை நான் பாத்தவ டாக்டரம்மா. இவளுக்குப் பசின்னா என்னன்னு தெரியாது. வீடு நெறைய அரிசி, அதான் கொழுப்பு" என்றார். பசியை அனுபவித்த தலைமுறை, உணவு இருந்தும் உண்ணாதவளைப் பார்த்து அடையும் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையின் அளவுகோலில் அது நியாயமான கோபம்தான். ஆனால் ஒரு இடத்தில் அவர் தவறினார்: பேத்திக்குப் பசி தெரியும். அந்த வீட்டில் அவளைவிடப் பசியை அறிந்தவர் அப்போது யாரும் இல்லை.

அம்மா அதிகம் பேசவில்லை. தான் சமைத்ததில் ஏதோ குறை என்ற எண்ணம் அவருக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. மூன்று வேளையும் மூன்று விதமாகச் சமைத்து, அத்தனையையும் திரும்ப எடுத்துப்போய்க் கொட்டியிருக்கிறார். அப்பா ஒரு வாதத்தை முன்வைத்தார். மகளுக்குச் சாப்பாட்டின் மேல் வெறுப்பே கிடையாது, கைப்பேசியில் இரவெல்லாம் சமையல் வீடியோதான் பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு அவளே பால் பாயசம் வைத்துக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்க்கிறாள், இப்படிப்பட்டவளுக்குச் சாப்பாட்டு நோய் எப்படி இருக்க முடியும் என்றார்.

அவர் தன்னை அறியாமலே நோயின் மிகத் தெளிவான அடையாளம் ஒன்றைச் சொல்லிவிட்டார். 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்துத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைய வேண்டும் என்பது இலக்கு. சில வாரங்களிலேயே அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தட்டில் உள்ளதைப் பிட்டுப் பிட்டு ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். எரிச்சலும் சோர்வும் தனிமையும் கூடின. குளிர் தாங்க முடியவில்லை. அவர்களில் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை கிடையாது. நோயாளியின் பிடிவாதம், குணக்கேடு, அழுத்தம் என்று குடும்பம் பட்டியலிடுபவற்றில் பெரும்பகுதி பட்டினியே உண்டாக்குவது என்பதை இந்தச் சோதனையைவிட எளிதாக விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பாயசம் அவளுக்காக வெச்சதா?" என்று கேட்டார்.

சாப்பிட்ட பிறகு

ஆடியில் அவளை ஒரு பொது மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவில் சேர்த்தோம். உயரம் 156 செ.மீ.; நோய்க்கு முன் 51 கிலோவாக இருந்த எடை 33.5, உடல் நிறை குறியீடு 21-லிருந்து 13.8-க்கு இறங்கியிருந்தது. படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு 44. பகலில் விழித்திருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கு நாடி 50-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரிந்தது. ஆடிப் புழுக்கத்தில் கம்பளிப் போர்வை கேட்டாள். கையிலும் முதுகிலும், பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருந்தது. கொழுப்பை இழந்த உடல் வெப்பத்தைக் காக்க எடுக்கும் முயற்சியாக அதைப் பலரும் விளக்குகிறார்கள்.

இரண்டாம் நாள் காலை நான் வேறு வேலையாகப் போனபோது அவள் இட்லி சாப்பிடுவதைப் பார்த்தேன். இரண்டு இட்லி. முதலில் மேல்தோலை உரித்து ஒதுக்கினாள். உள்ளிருப்பதைக் கடுகளவு உருண்டைகளாக உதிர்த்தாள். சட்னியைத் தொட்டு, தொட்டதை இலையின் ஓரத்தில் அழுத்தித் துடைத்துவிட்டு வாயில் வைத்தாள். தோல் முழுவதும் இலை மடிப்புக்குள் போயிருந்தது. 55 நிமிடத்தில் முக்கால் இட்லி உள்ளே போனது. முடித்ததும் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆனியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "சாப்பிட்ட பிறகு என்ன ஆகும்மா?"

முதலில் பதில் இல்லை. பிறகு அவள் சொன்னதை, அவளுடைய அனுமதியுடன், அன்று குறித்துக்கொண்டபடியே தருகிறேன். "திருட்டுத்தனம் பண்ணிட்ட மாதிரி இருக்கும் டாக்டர். யாரோ உள்ள உக்காந்து கணக்குக் கேக்குற மாதிரி. அடுத்த வேளை விட்டாத்தான் அது அடங்கும். சஷ்டி விரதத்துல மூணாவது நாளு தலைக்குள்ள இருந்த சத்தம் எல்லாம் நின்னுருச்சு. மார்க்கு, நீட்டு, எதுவுமே இல்ல. அவ்வளவு அமைதியா நான் இருந்ததே இல்ல. அது திரும்ப வரும்னுதான் அடுத்த வாரமும் இருந்தேன். அப்புறம் அது வரவே இல்ல. ஆனா விட்டா அந்தச் சத்தம் இன்னும் பெருசாயிடுமோன்னு பயம்."

என்ன கணக்கு என்று கேட்டேன். கடைத் தராசு என்றாள். தினமும் மாலை அப்பாவின் கடைக்குப் போய்க் கணக்கெழுத உதவுவாள். அப்பா தேநீர் குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில், அரிசி மூட்டை எடை போடும் மேடைத் தராசில் ஏறி நின்று பார்ப்பாள். முந்தைய நாளைவிட எண் ஏறியிருந்தால் அன்று இரவு எதுவும் கிடையாது; துணி எடுக்கப் போவதாகச் சொல்லி மொட்டை மாடிப் படிகளில் நாற்பது முறை ஏறி இறங்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட அன்று அப்பா என் அறையில் உடைந்து அழுதார். "இருபது வருசமா அரை கிலோ குறைஞ்சாலும் கண்டுபிடிக்கிறவன் நான். என் தராசுலயே என் புள்ள குறைஞ்சுக்கிட்டு வந்திருக்கா" என்றார்.

மருத்துவர்களுக்குள் இருந்த வேறுபாடு

என்னுடன் பணிபுரியும் இளம் மருத்துவர் இதை அனோரெக்ஸியா என்று ஏற்கவில்லை. பருமனாவது குறித்த அச்சத்தை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தன் மெலிவை மெலிவாகவே பார்க்கிறாள். ஆகவே 2013-இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் தனியாகச் சேர்க்கப்பட்ட, உடல் வடிவம் குறித்த கவலை இல்லாத உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இது இருக்கலாம் என்பது அவர் வாதம். மதிக்கத்தக்க வாதம்தான். நானும் ஆனி மாதத்தில் ஏறத்தாழ அதே தடத்தில்தான் நோயைத் தவறவிட்டேன்.

பருமன் அச்சம் இல்லாத அனோரெக்ஸியா ஆசியாவில் நன்கு பதிவான ஒன்று. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பருமன் அச்சத்தைச் சொல்லவே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். டெல்லி மருத்துவர்களும் 1995-இல், உண்ண மறுத்து மெலிந்து மாதவிலக்கு நின்ற ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியபோது, மேலைநாட்டு நூல்கள் வலியுறுத்தும் உடல் தோற்றக் குழப்பம் அவர்களிடம் காணப்படவில்லை என்றார்கள். இன்றைய வகைப்பாடுகள் இதற்கு இடம் தருகின்றன. எடை கூடுவதைத் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தாலே போதும், அச்சத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2013-இல் நீக்கப்பட்டது. தராசும் மாடிப்படியும் இலை மடிப்பில் மறைந்த இட்லித் தோலும் எனக்குத் தீர்ப்பைச் சொல்லின. உணவே பிடிக்காதவளோ விழுங்கப் பயப்படுபவளோ தினமும் எண் ஏறாமல் காவல் காக்க மாட்டாள்.

பெயரே நம்மைத் தடுமாற வைக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அனோரெக்ஸியா என்பதன் சொற்பொருள் பசியின்மை. தமிழிலும் அப்படியே பெயர்க்கிறோம். ஆனால் நோய் முற்றும்வரை பசி பெரும்பாலும் இருக்கிறது, கொடூரமாக இருக்கிறது. உணவு மறுப்பு நோய் என்று சொல்லிப் பார்த்தேன். அது நோயாளியின் மேல் குற்றம் சுமத்துவதுபோல் ஒலித்தது. எனவே இந்தக் குடும்பத்திடம் அனோரெக்ஸியா என்றே சொன்னேன். பின்னாளில் அப்பத்தா அதை "அந்த நோயி" என்று குறிப்பிடத் தொடங்கினார். எல்லாப் பெயரையும்விட அதுவே நன்றாக வேலை செய்தது.

வளர்ப்பில் என்ன தவறு என்று பெற்றோர் கேட்காத நாள் இல்லை. இரட்டையர் ஆய்வுகள் இந்த நோயின் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு மரபுவழியானது என்று காட்டுகின்றன. 2019-இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து நோயோடு தொடர்புள்ள எட்டு மரபணு இடங்களை அடையாளம் கண்டார்கள், அவற்றின் தொடர்பு மனநோய்களோடு மட்டுமன்றி உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தது. இதைக் கேட்ட அப்பத்தா, தன் நாத்தனார் ஒருவரை ஊரில் விரதக்காரி என்றே அழைப்பார்கள், அவர் சோறு தின்று யாரும் பார்த்ததில்லை என்றார். இறந்துபோன ஒருவருக்கு நினைவிலிருந்து நோய்ப்பெயர் சூட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நினைவு அந்த அறையில் இருந்த குற்ற உணர்வைச் சற்று இளக்கியது.

சோறு என்னும் மருந்து

மருத்துவத்தின் முதல் பகுதி உணவு. அதுவே ஆபத்தான பகுதியும்கூட. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரெனச் சோறு போனால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்படும். இதயத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். பாசத்தில் ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டிவிடும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தோம், நாள் ஒன்றுக்குச் சுமார் 1,000 கலோரியில் தொடங்கினோம், தினமும் இரத்தம் பார்த்தோம். மூன்றாம் நாள் பாஸ்பேட் 1.8-க்கு இறங்கியது. பாஸ்பேட் கொடுத்து, கலோரியை இரண்டு நாள் ஏற்றாமல் நிறுத்தி, மீண்டும் படிப்படியாக ஏற்றினோம். மூன்று வாரத்தில் 36.2 கிலோவுடன் வீடு திரும்பினாள்.

வீட்டில் என்ன செய்வது என்பதில்தான் எல்லாப் பார்வைகளும் மோதின. 1873-இல் பிரான்சின் லசேக், இங்கிலாந்தின் வில்லியம் கல் என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயை ஏறத்தாழ ஒரே சமயத்தில் விவரித்தார்கள். குடும்பத்தின் கையில் கெஞ்சலும் மிரட்டலும் ஆகிய இரண்டே வழிகள் இருக்கின்றன, இரண்டையும் தீரும்வரை பயன்படுத்துகிறது என்று லசேக் எழுதியிருக்கிறார். திருநகர் வீட்டிலும் அம்மா கெஞ்சினார், அப்பா மிரட்டினார், நோய் வளர்ந்தது. குடும்பத்தை விலக்கி வைத்தால்தான் குணமாகும் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் வளர்ந்த முறை இதைத் திருப்பிப் போட்டது: வளரிளம் பருவத்தினரிடம் நோய் வந்து அதிகக் காலம் ஆகியிருக்காவிட்டால், எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்ற முடிவைப் பெற்றோர் சில மாதங்களுக்குத் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்; கோபம் கூடாது, பேரம் கூடாது; எடை மீண்ட பிறகு முடிவுகள் படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும்.

இந்த முறையைப் பற்றி, பல ஆண்டுகளுக்கு முன் இதே நோயிலிருந்து மீண்டு இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்ணிடம் பேசினேன். என் முடிவோடு அவர் உடன்படவில்லை. "நீங்க எடையைப் பாக்குறீங்க. எனக்கு அந்த வீட்ல சொந்தமா இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எங்க அப்பா கையில கொடுத்திருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன்" என்றார். அவரை மீட்டது விடுதி வாழ்க்கையும், பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் சாப்பிட்ட ஒரு தோழியும். அவர் சொன்னதை நான் எதிர்வாதமாக ஒதுக்கவில்லை. அடியும் அவமதிப்பும் உள்ள வீட்டில் உணவின் அதிகாரத்தைப் பெற்றோரிடம் தருவது காயத்தின் மேல் காயம். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்ஸியா ஒன்று. இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். எனவே அவருடைய வாக்கியத்தின் கடைசிப் பகுதியை மிகைப்படுத்தலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெண்ணைத் தனியே உட்கார வைத்து, வீட்டில் பயமாக இருக்கிறதா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டேன். "யாராவது முடிவு பண்ணிச் சொன்னா நல்லா இருக்கும் டாக்டர். நான் முடிவு பண்ணுனா அந்தச் சத்தம்தான் ஜெயிக்கும்" என்றாள். அந்தப் பதிலை வைத்துத்தான் குடும்ப வழி மருத்துவத்தைத் தேர்ந்தேன்.

அப்பா தராசின் மேல் சாக்கைப் போட்டு மூடி, மகள் கடைக்கு வருவதை நிறுத்தினார். மூன்று வேளையும் இடையில் மூன்று சிற்றுணவும் அம்மா பரிமாறுவது, யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிடுவது, முடித்த பின் ஒரு மணி நேரம் அவளோடு இருப்பது என்று வகுத்தோம். அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் அவளுக்குக் கடினமானது என்று எங்களுக்கு இப்போது தெரியும். முதல் மாதம் தட்டு இரண்டு முறை சுவரில் போய் விழுந்தது.

மறு ஐப்பசி

வீடு திரும்பிய மூன்றாம் மாதம் கந்த சஷ்டி வந்தது. அப்போது எடை 40.8. விரதம் இருக்க வேண்டும் என்றாள். போன ஆண்டு முருகனிடம் மூன்று ஆண்டு இருப்பதாக வேண்டிக்கொண்டதாகவும், மீறினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றும் அழுதாள். அப்பா கூடாது என்றார். அம்மா, சாமி காரியம் என்று தயங்கினார். நானும் கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வீட்டில் அந்த விஷயத்தில் என் சொல்லுக்கு எடை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அப்பத்தா இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பேத்தியைக் கூப்பிட்டு, "பிள்ளைத்தாச்சிக்கும் நோயாளிக்கும் விரதம் கெடையாது தாயி. அது அந்தக் காலத்துலருந்து உள்ள சட்டம். நீ இப்ப நோயாளி. ஒடம்பு சரியாகட்டும், அப்புறம் முருகனும் நீயும் பேசிக்கங்க" என்றார். கொழுப்பு, பிடிவாதம் என்று ஓராண்டாகச் சொல்லிவந்தவர் வாயிலிருந்து நோயாளி என்ற சொல் வந்தது. நோய்ப்பெயரை நான் ஆடியிலேயே எழுதிவிட்டேன். அந்த வீடு அதை ஏற்றுக்கொண்டது ஐப்பசியில்தான். அந்த ஆண்டு அப்பத்தா காப்புக் கட்டவில்லை. முன்பு தான் விரதம் இருந்த ஆறு நாளும் மாலையில் பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "நானும் சக்கரை நோயாளிதான" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

விரதம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே கோவிலில் அதே ஆறு நாள் எத்தனையோ பேர் விரதம் இருந்து ஏழாம் நாள் சோறு சாப்பிட்டு வீடு திரும்புகிறார்கள். முடிக்கத் தெரிந்த விரதத்தையும் முடிக்க முடியாத பட்டினியையும் பிரித்தறிய, ஏழாம் நாள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

இப்போது

வீடு திரும்பிய பதினோராம் மாதம் எடை 46.4. பத்தாம் மாதத்தில், எந்த மாத்திரையும் இல்லாமல் மாதவிலக்கு வந்தது. எலும்பு அடர்த்தி வயதுக்குரிய அளவைவிடக் குறைவாகவே இருக்கிறது. எலும்பு உறுதிப்படும் வயதில் இழந்த ஓராண்டு முழுவதுமாகத் திரும்புமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பிளஸ் டூ தேர்வை அந்த ஆண்டு எழுதவில்லை. இந்த ஆண்டு எழுதப் போகிறாள்.

எடை பார்க்கும்போது இன்னும் தராசுக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறாள். எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கல்யாணப் பந்தியில் இன்னும் உட்கார முடியவில்லை. தோசையில் எண்ணெய் மின்னினால் கை நிற்கிறது. சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு டாக்டர். ஆனா அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு இட்லி சாப்புட்டு முடிச்சிர்றேன்" என்றாள். எத்தனை நிமிடம் என்று அம்மாவைப் பார்த்தேன். இருபது நிமிடம் என்றார். தோலோடு.